பொழுது விழுமுன் சாப்பிடுகிறவன்

1

நான் இருக்கும் வின்னிபெக் நகரத்தில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கெல்லாம் பொழுது விழுந்துவிடும். ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் பக்கத்தில் அந்நேரத்துக்கு மேயப்போன மாடுகூட வீடு திரும்பியிருக்காது. எங்கள் ஆபீசில் தினமும் நாலு மணிக்குத்தான் கூட்டம். எட்டுப் பேர் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அன்றைக்கு என்ன வேலை நடந்தது, எது தடங்கல், யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஊர்களுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க வரைபடம் போட்டுத் தரும் கம்பெனி இது.

நான் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்தில் பிறந்தவன், வளர்ந்தது திண்டிவனம். பொழுது விழுந்தபின் ஒரு பருக்கையை வாயில் வைக்காத வீடு. கடல் தாண்டி வந்தும் அந்த ஒன்றை மட்டும் நான் விடவில்லை. அதனால் குளிர்காலத்தில் நாலே காலுக்கு நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு எழுந்துபோய், பின்னறையில் ஜன்னலைப் பார்த்து நின்றபடி, மனைவி சுகுணா கட்டிக்கொடுத்த சாதத்தை அவசர அவசரமாக விழுங்குவேன். திரும்பி வரும்போது கூட்டம் முடிந்து ஆளாளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஐந்து குளிர்காலம் இப்படியே போயிற்று. ஏன் எழுந்து போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் மேலதிகாரி ஹெலன் என்னைத் தனியே கூப்பிட்டார். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதும் காகிதம் அவர் கையில் இருந்தது.

"உன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த டீமில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஏழு பேருக்கு உன்னைத் தெரியாது" என்றார்.

நான் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

பனி கரைந்ததும் ஒரு புதுக் குழாய்த் திட்டம் தொடங்கப்போகிறது. அதற்கு என்னைத் தலைவனாகப் போட ஹெலனுக்கு விருப்பம். ஆனால் மேலே இருப்பவர்கள் தயங்குகிறார்கள். இவன் யாரிடமும் பேசமாட்டானே, இவன் எப்படி ஆட்களை வைத்து வேலை வாங்குவான் என்கிறார்கள். அதற்கு ஹெலன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"உன் ஊரில் உனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடம் கடிதம் வாங்கு. பெரிய அதிகாரி வேண்டாம். நீ அவர்களோடு எப்படிப் பேசினாய், அவர்கள் சொன்னதை எப்படிக் கேட்டாய் என்று அவர் எழுதட்டும். எந்த மொழியில் இருந்தாலும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்."

நான் தலையை ஆட்டினேன். ஹெலன் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஆமாவா, இல்லையா?" என்று கேட்டார். ஐந்து வருஷமாகியும் என் தலைக்கு இந்த ஊர் பாஷை வரவில்லை. வாய் யெஸ் என்னும்போதே அது பக்கவாட்டில் ஆடித் தொலைக்கிறது.

2

வீட்டுக்கு வந்து சுகுணாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேக்கப் போறீங்க?"

"யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்குது? உங்களுக்குக் கீழ வேலை பார்த்தது ரெண்டே பேரு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை நெனச்சிக்கினுதான நீங்க தூங்காம கெடக்குறீங்க."

சரியாகப் பிடித்துவிட்டாள். கூடத்தில் எங்கள் மகள் நித்யா டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி எட்டு. பதிமூன்று வயதாகிறது. ஒரே வீட்டில் இரண்டு சாப்பாட்டு வேளை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது தோளை மட்டும் குலுக்குகிறாள். அன்றைக்கு எங்கள் பேச்சு காதில் விழுந்து, "அப்பாவுக்கு என்ன பிரச்சினை?" என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அங்கேயே நிற்கும் என்னிடம் கேட்கவில்லை. "ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். "எப்பவும் இதே பதில்தான்" என்று அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. வந்திருக்கக்கூடாது.

3

அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் நான் ஓவர்சியர். விழுப்புரத்திலிருந்து கெடார் போகும் வழியில் குடிநீர்த் திட்டத்துக்காக ஒரு பெரிய கிணறு வெட்டினோம். சைக்கிள் தூரம்தான். கிணறு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி சவரிமுத்து. கெடார்க்காரர், கிறிஸ்தவர், நாற்பது வயதிருக்கும். மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தே கீழே என்ன வரும் என்று சொல்லக்கூடியவர். எனக்கும் ஆட்களுக்கும் நடுவில் கலியமூர்த்தி. வொர்க் இன்ஸ்பெக்டர், தற்காலிக வேலை, பயந்த சுபாவம். இவ்வளவுதான் என் டீம். அப்போது அந்த வார்த்தையெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

குடும்பம் திண்டிவனத்தில். நான் விழுப்புரத்தில் ஒரு வீட்டில் சாப்பாட்டோடு அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாள் எனக்காக முன்னதாகவே சமைத்துத் தெருப்பக்க ஜன்னலோரம் இலை போட்டுவிடுவார்கள். நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் பொழுது விழுமுன் இலையில் உட்கார முடியும். ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். மணி நாலானதும், "நயினார் சாருக்கு நேரமாச்சு, உடுங்கடா வழி" என்று சவரிமுத்தே சத்தம் போடுவார். எங்கள் சமூகத்தாரை அந்தப் பக்கம் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் போன பிறகுதான் அங்கே பேச்சு தொடங்கும். எல்லோரும் மேலே ஏறி, பம்புசெட்டில் குளித்துவிட்டு, நெருப்பு மூட்டி, மல்லாட்டைக் கடலை வறுத்துத் தின்றுகொண்டே அன்றைய வேலையைப் பேசுவார்கள். எந்தக் கயிறு நைந்திருக்கிறது, எந்தப் பக்கம் மண் இளகுகிறது, எவனுக்குக் காய்ச்சல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்த நெருப்பருகே நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

காலையில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். காலையில் பேசமாட்டார்கள். கிணற்று விளிம்பில் ஒரு கல்லின் மேல் கற்பூரம் ஏற்றுவார்கள். சவரிமுத்து பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வார். கற்பூரம் ஏற்றியபின் கெட்ட சொல் வரக்கூடாது. சரியும், அறுந்துவிடும், விழும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒருவரும் இறங்கமாட்டார்கள். கெட்ட சேதியைச் சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே நேரம் சாயங்காலம். அந்த நேரத்தில் நான் விழுப்புரத்தில் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருப்பேன்.

மத்தியானம்? மத்தியானம் அவர்கள் ஒருபக்கம் கேப்பைக்கூழைக் குடித்துக்கொண்டிருக்க, நான் புளியமரத்தடியில் தனியே அளவுப் புத்தகம் எழுதுவேன். போய் உட்கார்ந்திருக்கலாம். ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லப் பிடிக்காத விஷயம் இது. வேலை தொடங்கின புதிதில் கலியமூர்த்தி, "அவசரம்னா உங்க ரூமுக்கு ஆள் அனுப்பலாங்களா சார்?" என்று கேட்டார். நான், "வீட்டுக்காரர் ஒரு மாதிரி கலியமூர்த்தி. எதுனா இருந்தா நீங்க வாங்க. ஆளுங்களை அங்க அனுப்ப வேணாம்" என்றேன். நாலடி தள்ளிச் சவரிமுத்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டு நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

4

முப்பதடி இறங்கியிருந்த நேரம். அன்றைக்கு நான் சீக்கிரமே கிளம்பியும் பஸ் வழியில் நின்றுவிட்டது. அறைக்கு வந்து இலையில் உட்காரும்போதே வெயில் சிவந்துவிட்டது. நாலு கவளம் தின்றிருப்பேன். வாசலில் கலியமூர்த்தி வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"என்ன கலியமூர்த்தி?"

"ஒண்ணும் இல்ல சார். நீங்க சாப்பிடுங்க. பொழுது எறங்கிக்கினு இருக்குது."

"விஷயம் இல்லாம இம்மாந்தூரம் வருவீங்களா?"

"காலையில பேசிக்கலாம் சார். சாப்பிடுங்க."

ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இலையில் இன்னும் பாதி சாதம் இருந்தது. வெளிச்சமும் கொஞ்சம்தான் இருந்தது.

மறுநாள் காலை கிணற்றடிக்கு நான் போனபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "நேத்து என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று கலியமூர்த்தியைக் கேட்டேன். அவர் கற்பூரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் சார்" என்றார்.

அப்போது சவரிமுத்து என் எதிரே வந்து நின்றார். கயிறு இடுப்பில் இருந்தது.

"எறங்கட்டுங்களா சார்?"

அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டவர் இல்லை. அவர் இறங்குவார், நான் பார்ப்பேன், அதுதான் வழக்கம். இன்றைக்கு என்ன புதுசாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

மத்தியானம் வடக்குப் பக்கம் சரிந்தது. அவர் மற்ற இரண்டு பேரையும் காலையிலிருந்தே தெற்கே நிறுத்திவிட்டு, வடக்கே தான் மட்டும் வெட்டியிருக்கிறார். அவர்களுக்குச் சிராய்ப்பு. இவருக்கு இடுப்புவரை மண். வலது காலின் மேல் ஒரு பாறை. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கலியமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அதைச் சொல்லத்தான் சார் வந்தேன். வடக்கால ஈரம் கசியுது, ரெண்டு நாள் வேலைய நிறுத்திட்டு பலகை குடுத்து முட்டு வைக்கணும்னு சவரி அண்ணன் சொல்லிக்கினு இருந்தாரு. நீங்க எலையில குந்திக்கினு இருந்தீங்க. சொன்னா பாதியில எழுந்துடுவீங்க, அப்புறம் ராவெல்லாம் பட்டினி. எனக்கு வாய் வரல சார். காலையில சொல்லலாம்னு பாத்தா, கற்பூரம் ஏத்திட்டானுங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி, "டெம்பரரி வேலை சார். ரெண்டு பொட்டப் புள்ளைங்க. எழுத்துல போட்டுடாதீங்க" என்றார்.

5

விசாரணைக்கு நான் எழுதிக்கொடுத்த அறிக்கை ஒரு பக்கம்தான். அதில் ஒரு வரி: "வடக்குப் பக்க ஈரம் குறித்து மேஸ்திரியிடமிருந்து எனக்கு எந்தத் தகவலும் வந்து சேரவில்லை."

பொய் என்று யாரும் காட்ட முடியாது. எனக்கு வந்து சேரவில்லைதானே? கலியமூர்த்தியைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி என் உத்தியோகம். மேஸ்திரியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதற்குப்பின் சவரிமுத்துவை நம்பி எவனும் ஆள் விடவில்லை. கால் இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டான்.

ஒரே ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சாயங்காலம். கட்டிலருகே நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் ஜன்னலைத்தான் பார்த்தேன். அவர்தான் பேசினார்.

"சாப்பிட்டீங்களா சார்? பொழுது போவுது பாருங்க."

கிளம்பி வந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் நாட்டைவிட்டே கிளம்பிவிட்டேன்.

இங்கே வந்து இரண்டாவது குளிர்காலத்தில், நான் எழுதிய அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று ஊர் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டேன். பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி பொருள் தொடர்பான கோப்பு முடிவுபெற்றுவிட்டது, மனுதாரர் நேரில் ஆஜரானால் மட்டுமே பரிசீலிக்க இயலும், உறுதிமொழிப் பத்திரம் இணைக்கவும் என்று இருந்தது. கீழே ஒரு கையெழுத்து. நான் ஆஜராகவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்கக்கேடு.

6

ஹெலன் கேட்ட கடிதத்துக்காகக் கலியமூர்த்திக்குத்தான் எழுதினேன். சவரிமுத்துவிடம் கேட்க எனக்கு முகம் ஏது? வேலை நிரந்தரமாகி, ரிட்டையரும் ஆகி விழுப்புரத்தில் இருக்கும் கலியமூர்த்தி நாலு வரி நல்லதாக எழுதிப்போடுவார், விஷயம் முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் உறை வந்தது. மேலே கலியமூர்த்தியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "எனக்கு எழுத கை வரவில்லை சார். கெடார் போய் வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்." உள்ளே இரண்டு பக்கம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குண்டு எழுத்து. சவரிமுத்து சொல்ல அவர் மகள் மேரி எழுதியது. அவர் பேசியதை அப்படியே எழுதியிருந்தாள்.

"நயினார் சாருக்கு சவரிமுத்து எழுதிக்கிறது. நாங்க சொகம். அங்க நீங்க, அம்மா, பாப்பா எல்லாம் சொகமா? கலியமூர்த்தி வந்து சொன்னாரு. உங்களப் பத்தி அந்த ஊரு ஆபீசுக்கு நல்லவிதமா எழுதணுமாம். எழுதிக்குங்க. நயினார் சார் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை பேசுனது கெடையாது. ஜல்தி ஜல்தின்னு வெரட்டுனது கெடையாது. கூலி ஆளுன்னு ஏளனமா பாத்தது கெடையாது. யாருக்கும் ஒரு பேஜாரு குடுத்தது கெடையாது. எங்கள ஒண்ணும் கேட்டதும் கெடையாது.

இது ஆபீசுக்கு. இனிமே எழுதறது உங்களுக்கு.

அன்னைக்கு சாயந்தரம் கலியமூர்த்தி தனியா வரல சார். சைக்கிள் பின்னால குந்திக்கினு நானும் வந்தேன். ஈரத்தப் பத்தி நானே நேர்ல சொன்னா உங்களுக்கு வெளங்கும்னுதான் வந்தேன். தெரு மொனையிலயே எறங்கிட்டேன். வீட்டுக்காரரு ஒரு மாதிரின்னு நீங்க சொன்னது காதுல உழுந்துச்சு இல்ல. அங்கேர்ந்து பாத்தா ஜன்னல்ல தெரிஞ்சீங்க. சாப்பிட்டுக்கினு இருந்தீங்க. கலியமூர்த்தி திரும்பி வந்து, சொல்லிட்டேன்னாரு. காலையில எறங்கட்டுமான்னு உங்களக் கேட்டேன். தலைய ஆட்டுனீங்க. விஷயம் தெரிஞ்சேதான் எறங்கச் சொல்றாருன்னு எறங்கிட்டேன்.

ஏழு வருசமா அப்படித்தான் சார் நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க தெரிஞ்சே எறக்கிட்டு, தெரியாதுன்னு எழுதிட்டீங்கன்னு. அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையாமே. இப்பதான் அழுதுக்கினே சொன்னாரு. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது பாவம். உங்கள தப்பா நெனச்சதுக்கு மன்னிச்சிக்குங்க சார். நேரத்துக்கு சாப்பிடுங்க."

சமையலறையில் நின்றபடி படித்தேன். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்பதைக் கலியமூர்த்தி இந்த முறையும் சொல்லாமல் விட்டுவிட்டார். என்மேல் இருக்கும் மரியாதையால்தான் விட்டிருப்பார். என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார் அந்த மனுஷன்.

நித்யா உள்ளே வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அதிசயமாக என்னிடமே கேட்டாள்.

"நல்லபடியா எழுதியிருக்காங்கம்மா" என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

7

நேற்று நாலு மணிக் கூட்டத்தில் நான் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு டப்பா மேசைக்குக் கீழே காலருகில் இருந்தது. நாலே கால் ஆயிற்று. இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்குப் பட்டினி கிடக்கிறேன், இவர்கள் பேசுவதைக் கேட்கிறேன், என் முறை வரும்போது கடிதத்தை எடுத்து எல்லாவற்றையும், அந்த அறிக்கை உட்பட, சொல்லிவிடுகிறேன் என்று காலையிலிருந்தே மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். இந்தப் பதவி போனால் போகட்டும். ஏழு பேரும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்திக்கு ஒரு அளவில் சந்தேகம். இன்னொருவர் தன்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இருட்டிவிட்டது.

ஹெலன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஊரிலிருந்து கடிதம் வந்ததா?"

சட்டைப்பையில் அந்த இரண்டு பக்கமும் இருந்தன. எட்டுப் பேர், நீள மேசை, எல்லோரும் கேட்கத் தயாராக இருந்தார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். இந்த முறை அது இந்த ஊர் வழக்கப்படி சரியாகவே ஆடியது. எனக்கு எந்தத் தகவலும் வந்து சேரவில்லை என்றேன்.